ஏழு மெஷினுக்குப் பதினொரு பெயர்

ஈப்போவில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரன் என்று சொல்லிக்கொண்டு இன்றைக்கும் நான் கழுத்தில் டை கட்டித் திரிகிறேன் என்றால், அதற்கு ஒரே காரணம் நல்லம்மாள். என் பெயர் யேசுதாசன். எனக்கு வாயும் நீளம், கோபமும் நீளம். யாராவது ஒரு நல்லது செய்துவிட்டால் அதற்கு நன்றி சொல்ல மட்டும் நாக்கு எழும்பாது. நாக்கு எழும்பாத சங்கதியைக் கையாலாவது எழுதி வைப்போம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நல்லம்மாள் பிறந்தது சுங்காய் ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில். தமிழ்ப் பள்ளியில் ஆறாவது வரை படித்தார். பதினாறு வயதில் புல் வெட்டும் கும்பலில் சேர்ந்தார். இருபது வயதில் அதே கும்பலுக்குப் பெயர் கூப்பிடும் ஆளாகிவிட்டார். விடியற்காலையில் வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். முப்பத்திரண்டு பெண்களுக்கு அவர் பெரட்டு எடுத்திருக்கிறார். அதில் மாரியம்மா மட்டும் நான்கு பேர், காளியம்மா மூன்று பேர். "அதுல எவ வந்தா, எவ வரலன்னு மொகத்தைப் பாக்காம சொல்லிட முடியுமாண்ணே?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். எனக்கென்ன தெரியும், நான் ஈப்போ டவுனில் செமினரிப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் வளர்ந்தவன்.

எழுபத்து மூன்றில் அந்தத் தோட்டத்தில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டார்கள். புல் வெட்டுவதைக் குத்தகைக்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். நல்லம்மாளின் கணவர் சீனிக்கு ஈப்போவில் லோரி ஓட்டும் வேலை கிடைத்தது. இருவரும் புந்தோங்கில் ஒரு வீட்டின் பின்னறையில் குடியேறினார்கள். அடுத்த வருஷமே நல்லம்மாள், கோப்பெங் ரோட்டில் இருந்த ஒரு கட்டி ரப்பர் ஆலையில் தரை கழுவப் போனார். அழுக்கு ரப்பரை அரைத்து, கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி, பெரிய மரப்பெட்டிகளில் அடுக்கிக் கப்பலுக்கு அனுப்புகிற ஆலை அது.

தரை கழுவியவர் தராசுக்குப் போனார். தராசில் நின்றவரை, ரப்பரின் தரம் பார்க்கும் பரிசோதனைக் கூடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். காரணம் அவருடைய ஞாபகம். போன செவ்வாய்க்கிழமை நாற்பத்து மூன்றாம் நம்பர் பெட்டி எந்தத் தரம் என்று கேட்டால், புத்தகத்தைத் திறக்காமல் சொல்வார். எண்பத்திரண்டில் அவரைக் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் நம்பரும் தரமும் தட்டினால், பக்கத்தில் இருக்கும் பிரிண்டர் ஒரு லேபலை அடித்துக் கொடுக்கும். அந்த லேபலை ஒட்டினால்தான் பெட்டி வெளியே போகும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். ஆனால் ஐந்து வருஷத்தில் ஒரு நம்பர் தப்பியதில்லை.

அவரிடம் ஒரு பழக்கம். ரப்பர் ஆலையில் வெள்ளை மாவும் ரப்பர்த் துணுக்கும் காற்றோடு காற்றாகப் பறக்கும். பத்து லேபலுக்கு ஒருமுறை நல்லம்மாள் பிரிண்டரின் மூடியைத் திறந்து, ஒரு சின்னப் பிரஷ்ஷால் உள்ளே சுத்தமாகத் தட்டிவிட்டு மூடுவார். மறு ஷிப்டில் இருந்த ரோசரி அந்த மூடியைத் தொட்டதே கிடையாது. மூடியைத் திறக்கச் சொல்லி நான்தான் ரோசரியிடம் கத்திக்கொண்டே இருப்பேன். "திறந்தா கை கறுப்பாகுது அண்ணே" என்பாள் அவள்.

எண்பத்தேழு ஜூன் மாதம் அந்த ஆலையின் பழைய கம்ப்யூட்டரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தோம். வைத்தது நான். பழையது ஓர் அலமாரி உயரம், புதியது பாதி உயரம். ஆனால் அவர்களுடைய புரோகிராம்கள் எல்லாம் பழைய மெஷினுக்கு எழுதியவை. அதைத் திரும்ப எழுத ஒரு வருஷமாகும். அதனால் ஓர் ஏற்பாடு செய்தோம். புது மெஷினுக்குள்ளேயே பழைய மெஷின் முழுதாக இருப்பதுபோல ஒரு நடிப்பு நடக்கும். பழைய புரோகிராம்கள் தாங்கள் இன்னும் பழைய வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வேலை செய்யும். டேப்பில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினோம், இரண்டே நாளில் ஓடியது. எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

ஆறு வாரம் கழித்து இடி விழுந்தது. வெளிநாட்டில் ரப்பர் வாங்கியவர்கள், ஒரே நம்பரில் இரண்டு பெட்டிகள் வந்திருப்பதாகத் தந்தி அடித்தார்கள். ஒன்று நல்ல தரம். மற்றொன்று அழுக்கு ரப்பர், மேலே நல்ல தரத்தின் லேபல். அடுத்த வாரம் இன்னொரு ஜோடி. லூமுட் துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த பெட்டிகளில் தேடினால் மேலும் மூன்று ஜோடி. வாங்குபவர்கள், இனி உங்கள் லேபலை நம்ப மாட்டோம் என்றார்கள். மேனேஜர் மிஸ்டர் இயோ முகம் சிவந்து என்னைக் கூப்பிட்டார்.

நான் போனேன், மெஷினைப் பார்த்தேன். அதில் எந்தெந்தக் கருவிகள் மாட்டியிருக்கின்றன என்று ஒரு பட்டியல் வரும். ஏழு கருவிகள் இருந்தன, பட்டியலிலும் ஏழு. அந்த ஐந்து நம்பர்களுக்கும் லேபல் அடித்த நேரங்களை எடுத்துப் பார்த்தேன். இரட்டை லேபல் வந்ததெல்லாம் நல்லம்மாளின் ஷிப்டில். ரோசரி ஷிப்டில் ஒன்றுகூட இல்லை. அப்புறம் என்ன? ஒரே லேபலுக்கு இரண்டு தடவை பட்டனைத் தட்டியிருக்கிறார், தட்டிவிட்டு மறைக்கிறார். இருபது நிமிஷத்தில் முடிவு கட்டி, ஒரு கடிதம் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு அன்று காம்பாரில் இன்னொரு வேலை இருந்தது. அவசரம்.

புதன்கிழமை நல்லம்மாளைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சரியான விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் சீனி லோரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தார். அந்த வீட்டில் எழுந்து வேலைக்குப் போகிற ஆள் நல்லம்மாள் ஒருவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் காம்பாரில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேறு ஒரு சின்ன வேலைக்காக ஆலைக்குப் போனேன். நல்லம்மாள் நேராக என் முன்னால் வந்து நின்றார். அழுவார், கத்துவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை.

"அண்ணே, நம்ம ஆலையில மெஷினோட மாட்டியிருக்கறது எத்தனை?"

"ஏழு. அதான் அன்னிக்கே பார்த்தாச்சே."

"காலைல நான்தான் முதல்ல வாரேன். மெஷின் எழும்பும்போது திரையில பேரு பேரா ஓடுது. பழைய மெஷின் பேருதான், எனக்கு எழுத்து தெரியும். நேத்தும் எண்ணினேன், இன்னிக்கும் எண்ணினேன். பதினொன்னு ஓடுதுண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்தது புது மெஷினின் பட்டியல். உள்ளே நடிக்கிற பழைய மெஷினுக்குத் தனியாக ஒரு பட்டியல் உண்டு. அதை நான் திறக்கவே இல்லை. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மனசு வருமா?

"அது பழைய பேருங்க. டேப்போட வந்திருக்கும். பழைய மெஷின்ல இருந்த கருவியெல்லாம் இப்ப இல்ல. செத்த பேரு. ஒண்ணும் பண்ணாது" என்றேன்.

"செத்த பேருன்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியும்லா."

அவர் நகரவில்லை. "தோட்டத்துல ஒரு டிவிஷன்லேருந்து இன்னொரு டிவிஷனுக்கு ஆளை மாத்துவாங்க. புது டிவிஷன்ல கணக்கெழுதற கிராணி புத்தகத்துல பேரை எழுதிப்பாரு. பழைய டிவிஷன் கிராணி பேரை அடிச்சு அழிக்க மறந்துடுவாரு. மறுநா பெரட்டுல அந்தப் பேரைக் கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்கன்னு நெனப்பீங்க. வருவாங்க. அதே பேருல இன்னொருத்தி நிப்பா, தன்னைத்தான் கூப்பிடறாங்கன்னு 'வந்துட்டேன்'னு கையைத் தூக்குவா. அவளுக்கு ரெண்டு வேலை விழும். அந்தப் பேரு செத்த பேரா உசுரு பேரான்னு புத்தகத்தைப் பாத்தா தெரியாதுண்ணே. கூப்பிட்டுப் பாக்கணும். யாரு கையைத் தூக்கறான்னு பாக்கணும்."

"இப்ப என்ன, கம்ப்யூட்டருக்குப் பெரட்டு எடுக்கணுமா?"

"ஆமா. எடுப்போம்."

நான் கேலியாகத்தான் கேட்டேன். அவர் கேலியாகச் சொல்லவில்லை. இதற்குள் ஸ்டோரில் பெட்டிகளை லோரியில் ஏற்றும் பத்துமலையிடம் அவர் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார் என்பது தெரிந்தது. ஸ்டோர் என்றால் முற்றத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கொட்டகை. அங்கேயும் ஒரு பிரிண்டர் உண்டு. எந்தத் துறைமுகத்துக்குப் போகிற பெட்டி என்ற சீட்டை அது அடிக்கும். காகிதம் இரண்டுக்கும் ஒன்றேதான், பின்னால் பசை தடவிய காகிதம்.

பழைய மெஷினின் பட்டியலைத் திறந்தேன். பதினொரு பெயர். சில பெயர்கள் இரண்டு முறை இருந்தன. 'லேபல் பிரிண்டர் 1' என்ற பெயர் மூன்றாம் வரிசையிலும் இருந்தது, ஏழாம் வரிசையிலும் இருந்தது.

நான் திரைக்கு முன் உட்கார்ந்து ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி அனுப்பினேன். நல்லம்மாள் பரிசோதனைக் கூடத்தில் நின்றார், ரோசரி ஆபீஸில் நின்றாள், பத்துமலை ஸ்டோரில் நின்றார். எந்தக் கருவி அசைகிறதோ அங்கே நிற்பவர் குரல் கொடுக்க வேண்டும். முதல் இரண்டு பெயர்களுக்கும் ஆபீஸிலிருந்து ரோசரி குரல் கொடுத்தாள். மூன்றாவது, 'லேபல் பிரிண்டர் 1'. கூடத்துப் பிரிண்டர் கிர்ரென்று ஒரு வரி அடித்தது. "வந்தாச்சு" என்றார் நல்லம்மாள். நாலு, அஞ்சு, ஆறு. இதில் ஒன்றுக்கு எங்கேயும் அசைவில்லை, அது நிஜமாகவே செத்த பெயர். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஏழாவதுக்கு அனுப்பினேன். அதுவும் 'லேபல் பிரிண்டர் 1'.

கூடத்துப் பிரிண்டர் சும்மா இருந்தது. ஆபீஸிலும் சத்தமில்லை.

முற்றத்துக்கு அப்பாலிருந்து பத்துமலையின் குரல் வந்தது. "அக்கா! இங்க வந்திருக்குலா!"

நான் ஓடினேன். ஸ்டோர் பிரிண்டரில் நான் அனுப்பிய வரி கருகருவென்று நின்றது. பழைய மெஷினில் ஏழாவது வயரில்தான் லேபல் பிரிண்டர் இருந்தது. புது மெஷினை வைத்தபோது அதை மூன்றாவது வயருக்கு நான் மாற்றினேன். ஏழாவது வயரை ஸ்டோர் பிரிண்டருக்குக் கொடுத்தேன். பட்டியலில் இருந்த பழைய பெயரை அழிக்கவில்லை. ஆக, ஸ்டோரில் நிற்கிற பிரிண்டர் தன்னையும் லேபல் பிரிண்டர் என்று சொல்லிக்கொண்டு கையைத் தூக்குகிறது.

"பத்துமலை, இங்க பெட்டி நம்பர் போட்ட லேபல் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"வருமே அண்ணே. எப்பவாச்சும் வரும். மாவு ஒட்டி பெட்டி லேபல் பிச்சுக்கிட்டு விழுந்துடும்ல, முன்னல்லாம் வேற லேபல் வாங்க நான் கூடத்துக்கு நடக்கணும். புது மெஷின் வந்தப்புறம் அதுவா வருது. நல்ல மெஷின்னு நெனச்சேன். லேபல் இல்லாம நிக்கற பெட்டி இருந்தா ஒட்டிடுவேன், இல்லன்னா தூக்கிப் போட்டுடுவேன்."

அட கடவுளே என்று தலையில் கை வைத்தேன். பாவம், அந்த மனுஷனுக்குப் புது மெஷின் மேல் அவ்வளவு பிரியம்.

இன்னும் ஒன்று பாக்கி. எப்போதும் வராமல் ஏன் எப்போதாவது வருகிறது? அதுவும் ஏன் நல்லம்மாள் ஷிப்டில் மட்டும்? நான் கூடத்துக்குத் திரும்பி வந்து, அவரை வழக்கம்போல் வேலை செய்யச் சொன்னேன். பழைய பெட்டி நம்பர்களையே தட்டினார். ஒன்பது லேபல் கூடத்தில் மட்டும் வந்தது. பத்தாவதைத் தட்டிவிட்டு, பிரிண்டர் மூடியைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தார். அந்த நேரத்தில் ஸ்டோரிலிருந்து பத்துமலை கத்தினார், "அக்கா, வருது!" நல்லம்மாள் மூடியை மூடினார். உடனே இங்கேயும் அதே லேபல் வந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூடி திறந்திருந்தால் பிரிண்டர் தயாராக இல்லை என்று மெஷினுக்குச் சேதி போகும். பழைய புரோகிராம் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதே பெயரில் வேறு பிரிண்டர் இருக்கிறதா என்று தேடும். ஏழாவது வரிசையில் ஒன்று இருக்கிறது, அங்கே அனுப்பும். மூடி மூடியதும் இங்கேயும் அடிக்கும். ரோசரி மூடியைத் திறப்பதே இல்லை. அதனால் அவள் ஷிப்டில் ஒன்றும் நடக்காது. இதை நல்லம்மாளுக்கு விளக்கினேன்.

அவர் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் சுத்தமா வச்சிருந்ததுதான் தப்பா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. ரோசரி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். "கவலைப்படாதீங்க நல்லம்மா. இந்த நாலு பழைய பேரையும் இப்பவே அழிச்சிடறேன். அஞ்சு நிமிஷ வேலை. இனிமே ரெண்டு லேபல் வரவே வராது. மேனேஜர்கிட்ட மெஷினை ஒரு தடவை சுத்தம் பண்ணிட்டேன், இப்ப சரியாயிடுச்சுன்னு சொல்லிடறேன். அவரும் விட்டுடுவாரு" என்றேன்.

"வேணாம்."

"ஏன்?"

"சும்மா சரியாயிடுச்சுன்னு சொன்னா என்னா அர்த்தம்? நல்லம்மா பயந்துட்டா, இப்ப ஒழுங்கா தட்டறான்னு அர்த்தம். வேலை இருக்கும். ஆனா நான் திருந்திட்ட திருடி மாதிரில்ல இங்க உக்காந்திருக்கணும்? நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீங்கதான் எழுதிக் குடுத்தீங்க, நீங்கதான் சொல்லணும். என்ன நடந்துச்சோ அதைச் சொல்லுங்க."

அன்று இரவு வீட்டில் இதையே யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால் என் கம்பெனி என்னை வைத்துக்கொள்ளுமா என்பது சந்தேகம். என் அண்ணன், நீ ஏண்டா வம்பை விலைக்கு வாங்குற என்றான். என் மனைவி பெட்ரீசியாவிடம் சொன்னேன். "அந்த அக்கா உங்ககிட்ட வராம நேரா மேனேஜர்கிட்ட போயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதுவரை அது எனக்கு உறைக்கவே இல்லை. பட்டியலும் சாட்சியும் கையில் இருந்த ஒருவர், முதலில் என்னிடம் வந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை மேனேஜர் அறையில் நானும் நல்லம்மாளும் பத்துமலையும் நின்றோம். நான் சொன்னேன். பட்டியலைக் காட்டினேன், இரண்டு பிரிண்டரிலும் வந்த லேபல்களை மேஜையில் வைத்தேன். "இது இவங்க தப்பு இல்ல. மெஷினை மாத்தினப்போ பழைய பேரை நான் அழிக்கல. பார்க்காமலே இவங்க மேல எழுதிக் குடுத்தேன். தப்பு என்னுது" என்றேன். ஆங்கிலத்தில் சொன்னேன், பிறகு நல்லம்மாளுக்கும் காதில் விழட்டும் என்று தமிழிலும் சொன்னேன்.

மிஸ்டர் இயோ கொதித்துப் போனார். அவர் கொதித்தது நியாயம். ஐந்து ஜோடிப் பெட்டிகள், வெளிநாட்டில் போன மானம். நல்லம்மாளிடம் மலாயில் மன்னிப்புக் கேட்டார். என்னைப் பார்த்து, "திங்கட்கிழமை உன் பாஸுக்கு போன் பண்றேன். வேற ஆளை அனுப்பச் சொல்றேன். நீ இனிமே இந்த மெஷினைத் தொடாதே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதைத்தான் எதிர்பார்த்து வந்திருந்தேன்.

அப்போது நல்லம்மாள் பேசினார். அவருடைய மலாய் தோட்டத்து மலாய். அரைகுறையாக இருக்கும், ஆனால் கேட்பவருக்குப் புரியும். "போஸ், இவரை மாத்தாதீங்க. வேற ஆளு வந்தா அவரும் முதல்லேருந்து இதே தப்பைப் பண்ணிக் கத்துக்கணும். இவருக்கு இப்பத் தெரிஞ்சு போச்சு. இனிமே சாகற வரைக்கும் மறக்க மாட்டாரு" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம். கடைசியில், "சரி. ஆனா இவர் இந்த மெஷின்ல எது மாத்தினாலும் நீ பக்கத்துல நின்னு பெயர் கூப்பிட்டுப் பார்க்கணும்" என்று நல்லம்மாளிடம் சொன்னார். போன் பண்ணவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்ததுபோல் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். அந்த ஆலையில் அது யாரும் நம்பக்கூடிய பொய்தான்.

வெளியே வந்ததும் நல்லம்மாள் கேட்டார், "அந்தக் கடுதாசி எங்கண்ணே?"

"மேனேஜர் நம்ம கண்ணு முன்னாடியே கிழிச்சுட்டாரே."

"அது ஒண்ணு. டைப் அடிச்சப்ப கார்பன் வச்சீங்கல்ல. இன்னொண்ணு?"

இன்னொன்று, பெட்டிகளைப் பற்றிய காகிதங்களோடு லூமுட் ஆபீஸுக்குப் போயிருந்தது. அங்கேயுள்ள கோப்பில் அவர் பெயர் அப்படியே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் என் மோட்டோ சைக்கிளை எடுத்துக்கொண்டு லூமுட்டுக்குப் போனேன். மேனேஜர் சொல்லிவைத்திருந்ததால், அங்கே காவலுக்கு இருந்த ஐயாவு கோப்பைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். வரும் வழியில் படகு கட்டும் ஜெட்டியில் நல்ல மீனாக இருந்தது. ஒரு கிலோ வாங்கிக்கொண்டு, நேராகப் புந்தோங்குக்கு விட்டேன்.

சீனி மாவுக்கட்டுக் காலை ஒரு நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்லம்மாள் மீனை வாங்கி உள்ளே கொண்டுபோனார். அதைக் கழுவி, அரிந்து, வறுத்து, சோறும் வடித்தார். நானும் சீனியும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு நல்லம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார்.

"படிங்கண்ணே. தமிழ்ல சொல்லுங்க. அவரும் கேக்கட்டும்."

"எதுக்கு? கிழிச்சுப் போட்டுடலாம்."

"என்னைப் பத்தி எழுதியிருக்கு. எனக்குத் தெரிய வேணாமா?"

படித்தேன். பரிசோதனைக் கூடத்தில் கம்ப்யூட்டரைச் சோதித்தேன். கருவிகள் ஏழும் சரியாக உள்ளன. இரட்டை லேபல்கள் எல்லாம் நல்லம்மாள் என்பவரின் ஷிப்டில் வந்தவை. அவர் ஒரே லேபலை இரண்டு முறை அடித்திருக்கிறார். அவ்வளவுதான் என்று காகிதத்தை மடித்தேன்.

"அஞ்சு வரி இருக்கு" என்றார் நல்லம்மாள். "நீங்க நாலுதான் சொன்னீங்க."

மடிப்பைப் பிரித்தேன். ஐந்தாவது வரியையும் தமிழில் சொன்னேன். "தோட்டத்திலிருந்து வந்த, படிப்பில்லாத ஒரு பெண்ணிடம் கம்ப்யூட்டரைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும், அந்த இடத்தில் தகுதியுள்ள ஆளைப் போடவும்."

என் அப்பா ஆம்புரோஸ் பிறந்தது ஒரு தோட்டத்து லயத்து வரிசை வீட்டில். என் அம்மா கல்யாணம் ஆகும்வரை ரப்பர்ப் பாலுக்காக மரம் சீவியவர். இதை நான் அந்தக் கடிதம் அடித்தபோது நினைக்கவில்லை. அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் நினைத்தேன்.

சீனி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லம்மாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜரு புதன்கிழமை படிச்சுக் காட்டினப்போ கடைசி வரியைச் சொல்லல. ஆனா அவரு கண்ணு அங்கயே நின்னுச்சு. என்னமோ இருக்குன்னு நெனச்சேன்" என்றார். "சரி. இப்பக் கிழிங்க."

கிழித்தேன். ஒன்றை இரண்டாக, இரண்டை நான்காக, பொடிப்பொடியாகக் கிழித்தேன். என் நாக்கில் வராத வார்த்தை அன்று வந்தது. "மன்னிச்சிடுங்க அக்கா" என்றேன். அவரை நான் அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை பெயர் சொல்லித்தான் கூப்பிட்டு வந்திருக்கிறேன், என்னைவிட மூன்று வயது மூத்தவரை.

"வாயால சொல்லட்டும்னுதான் படிக்கச் சொன்னேன் தம்பி. சொல்லியாச்சுல்ல, போதும்லா. எந்திரிச்சு கையைக் கழுவுங்க, மீனு ஆறுது" என்றார் அக்கா.